டிக், எக்ஸ்பி, அமர்வுக் கணக்கு: ரோல்பிளேயிங் பாத்திரங்களை வளர்ப்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சதவீதத் திறன்கள் (திறன் 40 என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு 40 சதவீதம்) உள்ள ரோல்பிளேயிங் விளையாட்டை, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் பகடை விளையாட்டை, நடத்துகிறேன். ஜெயித்த திறனுக்கு டிக் போட்டு, கடைசியில் பகடை உருட்டி அதை வளர்க்கிறோம். டிக் கிடைக்கட்டுமே என்று ஆட்டக்காரர்கள் எல்லாத் திறனையும் சும்மா முயன்று பார்க்கிறார்கள். 10 சதவீதத்தில் கிடக்கும் திறனோ நகரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: 1978-இல் ரூன்குவெஸ்ட் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு பழக்கிவிட்ட முறை இது. 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவிலும் இதே அடிப்படைதான்.

டிக் வேட்டையை நிறுத்துவது எளிது. பகடை எப்போது உருள வேண்டும் என்பதை நடத்துபவர்தான் சொல்ல வேண்டும், ஆட்டக்காரர் அல்ல. தோற்றால் ஏதாவது கெட்டுப்போகும் என்ற இடத்தில் மட்டும் உருட்டச் சொல்லுங்கள். ஓர் அமர்வில், அதாவது ஒருமுறை கூடி ஆடுவதில், ஒரு திறனுக்கு ஒரே டிக். அப்படியும் அடங்கவில்லை என்றால், விழுந்த டிக்குகளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்று விதி போடுங்கள்.

திறன் நகராததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. டிக் விழ முதலில் ஜெயிக்க வேண்டும். வளர, 1 முதல் 100 வரை காட்டும் பகடையில் திறனைவிடப் பெரிய எண் விழ வேண்டும். 10 சதவீதத் திறனுக்கு இரண்டும் சேர்ந்து அமையும் வாய்ப்பு ஒரு முயற்சிக்கு 9 சதவீதம்தான். 50-இல் இருப்பதற்கு 25, 80-இல் இருப்பதற்கு 16. ஆக, நடுவில் இருப்பவைதான் வேகமாக வளரும், கற்றுக்குட்டிக்குத்தான் கஷ்டம். 30-க்குக் கீழே உள்ள திறன்களுக்கு மட்டும், அமர்வின் முதல் தோல்விக்கும் டிக் கொடுங்கள். 10-இல் உள்ள திறனை ஒருமுறை முயன்றாலே வளரும் வாய்ப்பு 90 சதவீதமாகிவிடும். 30-ஐத் தாண்டியதும் சலுகையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் எல்லாவற்றிலும் வல்லவர்களாகிவிடுவார்கள்.

கேள்வி: டன்ஜன் வேர்ல்ட் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டில் தோற்றால் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கிடைக்கிறது. வேண்டுமென்றே தோற்க மாட்டார்களா?

பதில்: இரண்டு ஆறுமுகப் பகடையோடு கூட்டலையும் (பாத்திரத்தின் பலத்துக்கேற்பச் சேரும் எண்) சேர்த்து 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் 1 எக்ஸ்பி. கூட்டல் எதுவும் இல்லாதவர் தோற்கும் வாய்ப்பு 36-இல் 15. கூட்டல் 2 உள்ளவருக்கு 36-இல் 6 மட்டுமே. பலவீனமானவர் சீக்கிரம் சம்பாதிப்பார் என்பதால் வித்தியாசம் தானே குறையும். அடுத்த லெவலுக்குத் தேவையான எக்ஸ்பி, இப்போதைய லெவலுடன் 7-ஐக் கூட்டினால் வரும் எண். தோற்றவரின் பாத்திரத்துக்கு நடத்துபவர் கையால் வலி கிடைத்தால் யாரும் வேண்டுமென்று தோற்க மாட்டார்கள். "ஒன்றும் நடக்கவில்லை" என்று நீங்கள் விட்டுவிடும் இடத்தில்தான் எக்ஸ்பி அறுவடை தொடங்கும்.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். பாதிக் கதையில் எக்ஸ்பியை விட்டு, ஆடிய அமர்வுகளை எண்ணி லெவல் ஏற்றும் அமர்வுக் கணக்குக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக. 2014 நடத்துநர் கையேடு சொல்லும் வேகம் இது: முதல் அமர்வில் லெவல் 2, அடுத்ததில் 3, இன்னும் இரண்டில் 4, பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு மூன்று அமர்வுகள். சேர்த்த எக்ஸ்பியை வீணாக்காதீர்கள். லெவல் 3-க்கு 900, 4-க்கு 2,700. 1,800 வைத்திருப்பவர் பாதி வழி வந்துவிட்டார், அவருக்கு ஓர் அமர்வு போதும். குழுவில் ஆளுக்கொரு எண் இருந்தால் மிக அதிகமாக உள்ளவரின் கணக்கையே எல்லோருக்கும் வையுங்கள். குறைந்தவருக்கு லாபம், யாருக்கும் நஷ்டமில்லை.

கேள்வி: வராதவருக்கும் எக்ஸ்பி உண்டா?

பதில்: லெவல் விளையாட்டில் கொடுங்கள், பின்தங்கியவர் சண்டையில் முதலில் விழுவார். டிக் முறையில் வேண்டாம், அங்கே உருட்டிய திறனுக்குத்தான் டிக்.