வட அயர்லாந்தில் இரு தரப்பாரும் இன்னும் பிரிந்துதான் வாழ்கிறார்களா?

ஆமாம், பிரிந்துதான் வாழ்கிறார்கள். "1998 அமைதி ஒப்பந்தத்தோடு சண்டை முடிந்துவிட்டதே, இன்னுமா?" என்று கேள்வியின் விளக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கிகள் ஓய்ந்தது உண்மை. அக்கம்பக்கமாகக் கலந்து வாழ்வது இன்னும் பல இடங்களில் நடக்கவில்லை. நான் குடும்பத்தோடு பெல்ஃபாஸ்டில் இருக்கிறேன். மனைவி இங்கே மருத்துவமனையில் நர்ஸ். 2024ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கள் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: பிரிட்டனோடு இருக்கவேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். அயர்லாந்தோடு சேரவேண்டும் என்பவர்கள் மறுபக்கம், பெரும்பாலும் கத்தோலிக்கர். 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5. பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டன்ட்கள் வாழும் ஷாங்கில் சாலைக்கும் கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலைக்கும் நடுவே உயரமான சுவர் நிற்கிறது. குறுக்குத் தெருக்களில் இருக்கும் கதவுகளை இரவில் பூட்டிவிடுவார்கள். 2023க்குள் இந்தச் சுவர்களை எல்லாம் எடுத்துவிடப் போவதாக 2013இல் அரசு சொன்னது. அவை இன்னும் நிற்கின்றன. பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட இரு தரப்பும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் இல்லை. ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தை 'எய்ச்' என்றால் ஒரு பக்கம், 'ஹெய்ச்' என்றால் மறுபக்கம் என்று காதாலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். என் மகன் பள்ளியிலிருந்து 'ஹெய்ச்' என்று சொல்லிக்கொண்டு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர், "கத்தோலிக்கப் பள்ளியா?" என்று சரியாகக் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஜூலை வந்தால் அவர் வீட்டு வாசலில் பிரிட்டனின் கொடியான யூனியன் ஜாக் பறக்கும். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2024 தொடங்கியபோது இங்கே அரசாங்கமே இல்லை. முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் ஆளுக்கொரு தரப்பு, இருவருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் இருக்க முடியாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து வரும் சரக்குகளைச் சோதிப்பதை எதிர்த்து, பிரிட்டனோடு இருக்கவேண்டும் என்கிற டியுபி கட்சி 2022 பிப்ரவரியில் விலகியது. இரண்டு வருடம் ஸ்டோர்மாண்ட் சட்டமன்றம் முடங்கிக் கிடந்தது. கையெழுத்துப் போட அமைச்சர் இல்லாததால் நர்ஸ்களின் சம்பள உயர்வும் நின்றது. 2024 ஜனவரி 18 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாலையில் பனி உறையாமல் உப்புத் தூவுகிறவர்களும் அதில் இருந்ததால் தெருவெல்லாம் கண்ணாடிபோல வழுக்கியது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மனைவி மருத்துவமனை வாசலில் நின்றாள். அவள் வார்டில் வேலை செய்யும் இரு தரப்பு நர்ஸ்களும் ஒரே பதாகையைப் பிடித்திருந்தார்கள். அவள் சொன்னாள்: "சம்பளம் வராதது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு."

பிப்ரவரி 3 அன்று ஸ்டோர்மாண்ட் மறுபடி கூடியது. ஷின் ஃபெய்ன் கட்சியின் மிஷெல் ஓநீல் முதலமைச்சர், டியுபியின் எம்மா லிட்டில் பெங்கெலி துணை முதலமைச்சர். புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை இருக்கும்படி எல்லை வகுத்து 1921இல் உண்டாக்கிய பகுதி இது. அதற்கு அயர்லாந்து ஒன்றாகவேண்டும் என்கிற ஒருவர் முதலமைச்சர் ஆனது அதுவே முதல் முறை. தாழ்ந்தே பழகிய ஒரு தலைமுறைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனைவியோடு வேலை செய்யும் ஃபால்ஸ் சாலைக்கார அம்மா ஒருவர் அன்றைக்கு வேலைக்கு நடுவே போனில் அதைப் பார்த்து அழுதிருக்கிறார்.

இரு தலைவர்களும் அந்த வருடம் செய்த சில சின்னக் காரியங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓநீல் வின்ட்சர் பார்க் மைதானத்துக்குப் பெண்கள் கால்பந்து பார்க்கப் போய், பிரிட்டனின் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார். நவம்பரில், போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கான நினைவு நாளில் பெல்ஃபாஸ்டில் மலர் வளையம் வைத்தார். லிட்டில் பெங்கெலி மேற்கு பெல்ஃபாஸ்டில் ஒரு கேலிக் விளையாட்டு கிளப்புக்குப் போய் ஹர்லிங் மட்டையைக் கையில் எடுத்தார். கேலிக் என்பது அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகள், இங்கே பெரும்பாலும் கத்தோலிக்கர்தான் ஆடுவார்கள். இங்கே இதற்கெல்லாம் சொந்தக் கட்சிக்காரர்களிடமே பேச்சு வாங்கவேண்டியிருக்கும்.

விளையாட்டுக்கு வருகிறேன். எனக்கு இந்த ஊரைப் புரியவைத்தது அதுதான். கேலிக் கால்பந்தை அயர்லாந்துத் தீவு முழுவதும் ஒரே நாடாக வைத்து மாவட்ட வாரியாக ஆடுவார்கள். 2024இல் இருந்த விதிப்படி இரண்டு கம்பத்துக்கு நடுவே மேலே அடித்தால் 1 புள்ளி, வலைக்குள் போனால் அது கோல், 3 புள்ளி. ஆர்மா மாவட்டத்தின் சட்டை ஆரஞ்சு நிறம். ஜூலை 12 அன்று மேளம் அடித்து ஊர்வலம் போகும் புராட்டஸ்டன்ட் ஆரஞ்சு ஆர்டர் அமைப்பு 1795இல் பிறந்ததும் அதே ஆர்மா மாவட்டத்தில், லாஃப்கால் பக்கம்தான். 2024 ஜூலையில் அந்த மாவட்டத்துக்குள் கார் ஓட்டிக்கொண்டு போனால் ஒரு ஊரில் ஆரஞ்சு ஆர்டர் தோரணம், அடுத்த ஊரில் ஆரஞ்சு கேலிக் கொடி. நிறம் ஒன்றுதான், எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் வித்தியாசம் புரியும். ஊர்வலத்துக்கு மறுநாள் 13ஆம் தேதி, கூடுதல் நேரம் வரை போன அரையிறுதியில் ஆர்மா கெரியை வென்றது. அதற்கு முன் 2022இலிருந்து நான்கு முறை பெனால்டியில் தோற்று வந்த அணி அது. 28ஆம் தேதி டப்ளின் குரோக் பார்க்கில் இறுதி ஆட்டம். ஆரன் மெக்கே அடித்த ஒரே கோல், 1-11க்கு 0-13 (ஒரு கோலும் 11 புள்ளியும், அதாவது 14க்கு 13), ஒரே புள்ளி வித்தியாசத்தில் கோல்வேயை வென்றார்கள். 2002இல் கேப்டனாகக் கோப்பை வாங்கிய கீரன் மெக்கீனிதான் 2024இல் மேலாளர். வார்டில் ஆர்மாக்காரர்கள் ஒரு வாரம் தூங்காமல் வந்தார்கள் என்று மனைவி சொன்னாள்.

அதே வாரம் பாரிஸ் ஒலிம்பிக். இங்கே பிறந்தவர்கள் அயர்லாந்துக்கும் ஆடலாம், பிரிட்டனுக்கும் ஆடலாம். ஜூலை 30 இரவு ஒரே குளத்தில் இரண்டும் நடந்தது. மஹரலின் கிராமத்து டேனியல் விஃபன் 800 மீட்டரில் அயர்லாந்துக்காகத் தங்கம் வாங்கினார். பெல்ஃபாஸ்டின் ஜாக் மெக்மில்லன் தகுதிச் சுற்றில் நீந்திக் கொடுத்த பிரிட்டன் தொடர் நீச்சல் அணியும் தங்கம் வாங்கியது. மறுநாள் கோல்ரேனின் ஹானா ஸ்காட் துடுப்புப் படகில் பிரிட்டனுக்காகத் தங்கம். எங்கள் தெருவில் எந்தக் கொடிக்கு என்று பார்க்காமல் மூவரையும் 'நம்ம பிள்ளைகள்' என்றுதான் பேசினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கலவரம் பரவிக்கொண்டிருந்தது. பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தின் முன்னால் குடியேறியவர்களுக்கு எதிராகக் கூட்டம் கூடியது. அதில் யூனியன் ஜாக்கும் அயர்லாந்தின் மூவண்ணக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டப்ளினிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இந்த ஊரில் அந்த இரண்டு கொடிகளை ஒன்றாக நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவை சேர்ந்தது எங்களைப் போன்றவர்களை விரட்ட. பிறகு ஒரு கும்பல் பொட்டானிக் அவென்யூ, டொனெகல் சாலைப் பக்கம் போய் வெளிநாட்டவரின் கடைகளை உடைத்தது; சிலவற்றைக் கொளுத்தியது. அதே சாயங்காலம் நியூட்டவுனார்ட்ஸ்காரர் ரீஸ் மெக்ளெனகன் ஜிம்னாஸ்டிக்ஸில், பாமல் ஹார்ஸ் பிரிவில் அயர்லாந்துக்குத் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் கை தவறி விழுந்தவர், மூன்று வருடம் காத்திருந்து வென்றிருக்கிறார். மகன் டிவி முன்னால் குதித்தான். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன்.

மனைவிக்கு ஞாயிறு முதல் இரவு ஷிஃப்ட். பஸ்ஸில் போகவேண்டாம் என்று நான் சொன்னேன். போகாமல் முடியாது, வார்டில் ஆள் இல்லை என்றாள். எனக்குக் கார் இருக்கிறது, ஆனால் மகனைத் தனியாக விட முடியாது, கூட்டிப் போகவும் பயம். ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர், கையில் கார் சாவி. "எத்தனை மணிக்கு ஷிஃப்ட்?" என்று மட்டும் கேட்டார். காரில் ஏறியதிலிருந்து மருத்துவமனை வாசல் வரை அவர் ஒன்றும் பேசவில்லையாம். இறங்கும்போது, "எங்க கொடியத் தூக்கிட்டுப் போய் இதைச் செஞ்சிருக்கானுங்கம்மா" என்றாராம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அவள் வெளியே வந்தபோது அதே வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க அவர்தான் கொண்டுபோய் விட்டார், அவர்தான் கூட்டிவந்தார். 10ஆம் தேதி இனவெறிக்கு எதிராக நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். நாங்களும் மகனோடு போனோம். ஃபால்ஸ் சாலைக்கார அம்மா குடும்பத்தோடு வந்திருந்தார். பெரியவர் வரவில்லை. ஊர்வலத்தில் பாலஸ்தீனக் கொடி பிடிப்பார்கள், அது தனக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகவே சொன்னார். நாங்கள் திரும்பி வரும்வரை எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.