பத்து வருடக் கடனில் இரண்டு வருடப் பிரேசஸ்

கேள்வி: நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. கணவர் பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. மகள் பள்ளிக்கு வந்த பல் தாதி, அவள் வாயை மூடும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்கிறது, அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப்பற்கள் உள்வாங்கிக் கடிக்கின்றன என்று கடிதம் கொடுத்தார். தனியார் கிளினிக்கில் காட்டினோம். மேல்தாடையை விரிக்க ஒரு பிளேட், 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். மகனுக்குக் கீழ் முன்பற்கள் கொஞ்சம் நெரிசல். படம் எடுக்கும்போது சிரிக்க மாட்டேன் என்கிறான். கோலாலம்பூரில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்குக் பல்லை நேராக்கக் கண்ணுக்கே தெரியாத, கழற்றி மாட்டும் அலைனர் போட்டிருக்கிறார்கள். இவனும் அதையே கேட்கிறான். அதற்கு 14,500 வெள்ளி. மகள் சின்னப் பெண், பால் பற்களே இன்னும் முழுதாக விழவில்லை, தானாகச் சரியாகலாம். அதனால் மகனுக்கு முதலில் செய்யலாமா என்று யோசிக்கிறோம்.

எனக்கு ஒரு கூட்டுறவுக் கடன் இருக்கிறது. 20,000 வெள்ளி, 10 வருடம், 6 விழுக்காடு. மூன்று வருடம் கட்டியாயிற்று. அதற்கு முன்பு இருந்த கடன் தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது. மாமியார் வீட்டுக் கூரைக்காக அதை ஓவர்லாப் செய்துதான், அதாவது பழைய பாக்கியை அடைத்துப் பெரிய புதுக் கடன் எடுத்துத்தான், இந்தக் கடன் வந்தது. இப்போது ஏஜெண்ட், 35,000க்கு ஓவர்லாப் செய்தால் பழைய பாக்கியையும் மற்ற செலவுகளையும் கழித்துக் கையில் 17,500 வரும், மாதப் பிடித்தம் 267லிருந்து 467 ஆகும், 200 வெள்ளிதான் கூடுதல் என்கிறார். அமானா சாஹாம் முதலீட்டுச் சேமிப்பில் 5,200 வெள்ளி வைத்திருக்கிறோம். அதைத் தொட மனம் வரவில்லை. அடுத்த வாரம் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார். சரிதானே?

பதில்: சரியில்லை, சகோதரி. கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகளின் வரிசையையும் நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஓவர்லாப்.

ஏஜெண்ட் சொன்ன 200 வெள்ளி உண்மைதான், பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது வருடங்களை. இன்று இருக்கும் கடனை அப்படியே கட்டினால் இன்னும் 84 மாதம், மாதம் 267. ஏறக்குறைய 22,400 வெள்ளியோடு முடிந்துவிடும். ஓவர்லாப் செய்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 120 மாதம், மாதம் 467. மொத்தம் 56,000. இரண்டுக்கும் இடையில் 33,600. கையில் வாங்குவது 17,500. அதாவது ஒரு பிளேட்டுக்கும் ஒரு செட் அலைனருக்கும் நீங்கள் கொடுக்கப்போகும் விலை 33,600 வெள்ளி. கடைசித் தவணை கட்டும்போது உங்கள் மகனுக்கு 24 வயது. அவன் பல் சிகிச்சை முடிந்து எட்டு வருடம் ஆகியிருக்கும்.

இதுவரை நடந்ததையும் பார்த்துவிடுங்கள். மூன்று வருடத்தில் 36 தவணை, சுமார் 9,600 வெள்ளி கட்டியிருக்கிறீர்கள். அசலில் குறைந்தது 4,000 சொச்சம்தான். பாக்கி இன்னும் 16,000 நிற்கிறது. கூட்டுறவுக் கடனில் சொல்லும் 6 விழுக்காடு முழுத் தொகைக்கும் முழு வருடங்களுக்கும் சேர்த்துப் போடும் ஃபிளாட் வட்டி. குறைந்துவரும் பாக்கிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 10 விழுக்காட்டைத் தாண்டும். அதிலும் முதல் சில வருடத் தவணையில் பெரும்பங்கு வட்டி. அந்த வட்டி மிகுந்த வருடங்களைக் கஷ்டப்பட்டுத் தாண்டி, அசல் வேகமாகக் கரையத் தொடங்கும் நேரத்தில், ஏஜெண்ட் வந்து உங்களை மறுபடி முதல் வருடத்தில் உட்கார வைக்கிறார். இது உங்களுக்கு முதல் தடவையும் இல்லை. தம்பியின் கல்யாண மண்டப வாடகை இன்றைக்கும் உங்கள் சம்பளச் சீட்டில் பிடிபட்டுக்கொண்டிருக்கிறது. பழைய கடனின் பாக்கி புதிய கடனுக்குள் போய் ஒளிந்துகொண்டதால் உங்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கூட்டுறவுச் சங்கங்களின் தலைமை அமைப்பான அங்காசா வழியாகத் தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால் வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து. அரசாங்க வேலையில் இருக்கும் நம் பெண்கள் பலருக்கு இதே கதையைப் பார்க்கிறேன். "அக்கா கேட்டால் லோன் கிடைக்கும்" என்று சொந்தத்துக்குள் தெரிந்துவிட்டால், கூரை ஒழுகுவதிலிருந்து மாப்பிள்ளை மோதிரம் வரை எல்லாம் அக்காவின் சம்பளச் சீட்டில் வந்து நிற்கும். இந்த முறை கேட்பது சொந்தப் பிள்ளைகள் என்பதால் நியாயமாகத் தெரிகிறது. வட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இப்போது பற்கள். நான் பல் மருத்துவன் இல்லை. ஆனால் பெற்றோர் பணம் எங்கே வீணாகிறது, எங்கே தள்ளிப்போட்டால் செலவு கூடுகிறது என்பதை அறிய வேண்டியது என் வேலை.

மகளுடையதுதான் காத்திருக்கக் கூடாத வகை. பின்பற்கள் ஒரு பக்கம் உள்வாங்கி, கடிக்கும்போது தாடை நகர்ந்தால், வளரும் வயதில் தாடை அந்தக் கோணலுக்கே பழகிவிடக்கூடும். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தாலும் இது பெரும்பாலும் தானாகச் சரியாவதில்லை. மேல்தாடை நடுவில் இரண்டு பாதி எலும்புகள் சேரும் இணைப்பு சிறு வயதில் இளகி இருக்கும். அப்போது விரிப்பது எளிது. பதின்ம வயது முடிய முடிய அது இறுகிவிடும். வளர்ந்த பிறகு அதே வேலைக்கு அறுவைச் சிகிச்சை வரை போகவேண்டி வரலாம். இன்று 3,000 வெள்ளி என்பது அப்போது எத்தனையாகும் என்று நீங்களே யோசியுங்கள்.

பல் தாதி கொடுத்த கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிப் பல் தாதியருக்கு 1949லிருந்து பயிற்சி கொடுத்துவரும் ஊர் பினாங்கு. இலவசமாக வந்த யோசனை என்பதற்காக அதை மட்டமாக நினைக்காதீர்கள். அந்தக் கடிதத்தோடு முதலில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய், பல் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே தேவையின் கடுமையை 1 முதல் 5 வரை தரம் பிரித்துப் பார்ப்பார்கள். 4, 5 தரத்தில் வருபவர்களுக்கு முன்னுரிமை. வரிசை நீளம்தான், நிபுணரைப் பார்க்கவே பொறுமை வேண்டும். ஆனால் பெயர் பதியக் காசில்லை. நீங்கள் அரசு ஊழியர் என்பதையும் கவுண்டரில் சொல்லி, பிள்ளைக்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். காத்திருக்கும் காலம் மகள் வயதுக்கு ஒத்துவராது என்று அவர்களே சொன்னால், தனியாரிடம் செய்யுங்கள். பணம் அமானா சாஹாமிலிருந்து. வருடம் நான்கு ஐந்து விழுக்காடு தரும் சேமிப்பைப் பூட்டி வைத்துவிட்டு, பத்து விழுக்காட்டுக்கு மேல் கடன் வாங்குவதில் என்ன லாபம்? பிள்ளைக்கு வைத்தியம் என்பதற்குத்தானே அந்த 5,200 இருக்கிறது. 3,000 எடுத்தாலும் 2,200 அவசரத்துக்கு மிஞ்சும்.

தனியார் கிளினிக்கில் ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பிளேட்டுக்குப் பிறகு 12, 13 வயதில் பிரேசஸ் வேண்டியிருக்குமா, அது இந்த 3,000க்குள் சேர்ந்ததா, வேறு பில்லா? பெரும்பாலும் வேறு பில்தான். இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏழு வயதிலேயே எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது மாட்டிவிட வேண்டும் என்பது போல விளம்பரங்கள் வருகின்றன. ஏழு வயதில் ஒரு முறை காட்டுவது நல்ல யோசனை. காட்டுவது வேறு, சிகிச்சை தொடங்குவது வேறு. எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். எடுப்பான மேல் பற்களைச் சிறு வயதில் ஒரு கட்டம், பதின்ம வயதில் இன்னொரு கட்டம் என்று இரண்டாகச் செய்வதும், பதின்ம வயதில் ஒரேயடியாகச் செய்வதும் கடைசியில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன என்று காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. முன்கூட்டிச் செய்தால் விழுந்து முன்பல் உடைவது குறைகிறது, அது ஒன்றுதான் தெளிவான ஆதாயம். ஆகவே உங்கள் தோழிகளிடம் "எங்கள் வீட்டில் ஒன்பது வயதிலேயே தொடங்கிவிட்டோம்" என்று சொல்லிப் பயமுறுத்திவிடாதீர்கள். உங்கள் மகளின் பிரச்சினை வேறு.

மகனுக்கு வருவோம். கொஞ்சம் நெரிசல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு வருடம் பொறுத்தால் எதுவும் கெட்டுவிடாது. அவனுக்குக் கூச்சம் இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். செய்யத்தான் வேண்டும். ஆனால் 14,500க்கு இல்லை.

அலைனர் மோசமான பொருள் என்று சொல்லவில்லை. ஒரு நாளில் 20, 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் அது வேலை செய்யும். சாப்பிடக் கழற்றி, பல் துலக்கி, மறுபடி மாட்ட வேண்டும். உங்கள் பையன் பள்ளிக் கேண்டீனில் அதைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைப்பான். தட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். மைலோ குடித்துக்கொண்டே போட்டிருப்பான். நாத்தனார் மகள் பொறுப்பான பெண்ணாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். பற்களில் ஒட்டிவிடும் சாதாரண உலோகப் பிரேசஸுக்குக் கழற்றி மாட்டும் பொறுப்பு தேவையில்லை, அது பாட்டுக்கு வேலை செய்யும். அதுவும் ஐந்தாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குள் உங்கள் வட்டாரத்திலேயே முடியும்.

6,500 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 1,500, மீதி 5,000ஐ 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 208 வெள்ளி. மாதாமாதம் கம்பி இறுக்கப் போகும்போது கவுண்டரிலேயே கட்டிவிட்டு வருவது இங்கே பல கிளினிக்குகளில் வழக்கம், வட்டி கிடையாது. ஏஜெண்ட் "200தான் கூடுதல்" என்றாரே, அதே 200தான். இரண்டு வருடத்தில் முடிகிறது.

அந்த 200 உங்களால் முடியும் என்று ஏஜெண்டிடம் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், ஆகவே இந்த மாதத்திலிருந்தே எடுத்து வையுங்கள். எட்டு மாதத்தில் 1,600, முன்பணம் வந்துவிடும். அதற்குள் பையன் ஒழுங்காகப் பல் துலக்கப் பழகட்டும். அழுக்குப் பல்லில் பிரேசஸ் போட்டால் கழற்றும்போது வெள்ளை வெள்ளையாகக் கறை நிற்கும், ஈறும் வீங்கும். அவன் சிகிச்சை முடியும்போது மகளுக்கு ஏறக்குறைய 12 வயது. அவளுக்குப் பிரேசஸ் தேவைப்பட்டால் அதே 200 அப்படியே அவள் பக்கம் திரும்பும். பிரேசஸ் கழற்றிய பிறகு போடும் ரிடெய்னருக்குச் சில நூறு வெள்ளி தனியாக வையுங்கள். அதை ராத்திரி போடாமல் விட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நகரும்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் இடம் எதுவாக இருந்தாலும் வேண்டாம். தபாலில் அலைனர் அனுப்பிய அமெரிக்க நிறுவனம் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியது. சிகிச்சை பாதியில் நின்றது, தவணை மட்டும் கட்டச் சொன்னார்கள். மாதாமாதம் கட்டினால் உங்கள் நஷ்டம் ஒரு மாதத்தோடு நிற்கும். அதே போலப் பையன் இணையத்தில் சில நூறு வெள்ளிக்கு வரும் ஃபேஷன் பிரேசஸைக் காட்டினால், இரண்டாவது பேச்சு வேண்டாம். பதிவில்லாமல் அதை மாட்டிவிடக் கிளினிக் நடத்துபவருக்குச் சட்டத்தில் 300,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு வருடம் வரை சிறை இருக்கிறது. அபராதம் அவருக்கு, ஆடும் பல் உங்கள் பையனுக்கு. யாரிடம் போனாலும் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவில் பெயர் இருக்கிறதா, நிபுணர் என்றால் நிபுணர் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் பல் சிகிச்சைக்கு 1,000 வெள்ளி வரை கழிவு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அழகுக்கான சிகிச்சைக்கு அது பொருந்தாது. பொருந்தினாலும் 11 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மிச்சம் 110 வெள்ளி. அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கணவரின் சேமநிதியில் மூன்றாம் கணக்கு 2024லிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கிறது. மகள் பிளேட்டுக்குப் பணம் கொஞ்சம் குறைந்தால் அதிலிருந்து எடுப்பது ஓவர்லாப்பைவிட ஆயிரம் மடங்கு தேவலை. ஆனால் 2024க்குச் சேமநிதி 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது, ஆகவே பையனின் அலைனருக்காக அதில் கை வைக்க வேண்டாம்.

தம்பி மாதம் 150 தருவதாகச் சொல்லி நிறுத்திவிட்டான் என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். மறுபடி கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. என் கணக்கில் அந்த 150ஐச் சேர்க்கவில்லை. அவன் கேட்டாலும் மாமியார் கேட்டாலும் இனி ஒரே பதில்: "கடன் இன்னும் ஏழு வருடம் இருக்கிறது, முடிந்தபிறகு பார்க்கலாம்." ஏஜெண்டுக்கும் இதையே சொல்லலாம். கூட்டுறவிடம் இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். போனஸ் வரும் வருடத்தில் உதவும். பிடித்தங்கள் போகக் குடும்பம் நடத்தவே கஷ்டம் என்றால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவசமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருவார்கள், பினாங்கிலேயே கிளை இருக்கிறது.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் கணக்கில் ஏறுவதற்கு முன்பே கூட்டுறவு அலுவலகத்துக்கு ரத்துக் கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அவருக்குக் கமிஷன் நீங்கள் எடுக்கும் கடனில் இருக்கிறது.