இடதுகைக்காரருக்கு ஒரு மார்ட்டினி

கேள்வி: ஐயா, கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது பாயிண்ட் டூ டூ (.22 அங்குலக் குழல்) ரைபிள் சுட்டிருக்கிறேன். நான் இடதுகைக்காரன். தோட்டா போட இழுத்துத் தள்ளும் போல்ட் வலப்பக்கம் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, கையை மாற்றி, மறுபடி குறி பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பி.எஸ்.ஏ. மார்ட்டினி என்ற ஒற்றைத் தோட்டா ரைபிள் இடதுகைக்கு வசதி என்கிறார்கள். எங்கே கிடைக்கும், எப்படிப் பழகுவது? வயலிலேயே வைத்துச் சுடலாமா? பன்றித் தொல்லையும் இருக்கிறது.
– பாபநாசத்திலிருந்து ஒரு விவசாயி

பதில்: தம்பி, சரியான துப்பாக்கியைத்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. நாம் ஓட்டிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயருக்கு மூலமான அதே பர்மிங்ஹாம் கம்பெனிதான் இதைச் செய்தது, அவர்கள் முத்திரையே மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியதுதான். இதில் போல்ட்டே கிடையாது. விசைக்குப் பின்னால், அடியில் ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை முன்பக்கம் சாய்ந்து பள்ளம் விழும், காலித் தோட்டா வெளியே வரும், புதியதை விரலால் தள்ளிவிட்டு லீவரை மேலே இழுத்தால் முடிந்தது. இடமும் இல்லை, வலமும் இல்லை. 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மார்ட்டினி ஹென்றி ரைபிளின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கிடைப்பதில்லை என்றால், 1980-களின் நடுவிலேயே வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி சாதாரண ஆட்களுக்கு நின்றுபோனது. அதற்கு முன் வந்தவைதான் இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் துப்பாக்கியைத் தேடிப் போகாதீர்கள், முதலில் லைசன்ஸ். உங்களுக்குத் தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகம். துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் கேட்பார்கள், போலீஸ் விசாரணை வரும், பொறுமை வேண்டும். கையில் லைசன்ஸ் வந்த பிறகு லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைகளில் சொல்லி வையுங்கள், ரைபிள் கிளப்பில் பழைய ஆட்களிடம் காதில் போட்டு வையுங்கள். தனி ஆளிடம் வாங்கினால், விற்பவர் 45 நாள் முன்னதாகவே எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று எவனாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கும் முன் குழல் வாயைப் பாருங்கள். பல மார்ட்டினிகளில் பின்பக்கம் அடைப்பாக இருப்பதால் சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கம் இருந்துதான் விட முடியும். ஐம்பது அறுபது வருஷம் அப்படி விட்டு விட்டு வாய் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் குறி எங்கேயோ போகும், எத்தனை அழகாகப் பாலிஷ் போட்டிருந்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரம் வேறு. நான் பார்த்த ஒரு துப்பாக்கி, ஐப்பசி அடைமழைக்குத் தோல் உறைக்குள் போட்டு மூடியே வைத்திருந்தார்கள், குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் முழுக்கத் துரு. போதாததற்குத் தேங்காய் எண்ணெய் பூசி, லீவர் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டு நின்றது!

பழகுவதற்கு இது கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருச்சி கே.கே. நகரில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022-ல் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்து சுட்டாரே, அதேதான். அங்கே 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஆரம்பியுங்கள். அதில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர், ஒரு குண்டூசி முனை மாதிரி. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்தி, சுட்ட பிறகும் ஒரு நொடி அசையாமல் குறியிலேயே இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஒரு நொடியில்தான் எல்லோரும் தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்ப்பார்கள். நானும் பார்த்தவன்தான். இன்னொன்று, பாயிண்ட் டூ டூவை வெறுமனே தட்டிப் பழகாதீர்கள், தோட்டா இல்லாமல் விசையைத் தட்டினால் தோட்டாவை அடிக்கும் ஊசி குழலின் விளிம்பில் அடித்துத் தழும்பு விழும்.

வயலில் சுடுவதா? கூடவே கூடாது. சின்னத் தோட்டா என்று நினைக்காதீர்கள், ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். மலையோ மேடோ இல்லாத நம் ஊரில் அதை நிறுத்த என்ன இருக்கிறது? ஆற்றங்கரை ஒன்றுதான், அதன் மேல் ஆள் நடக்கிறான். நடவுக்குத் தண்ணீர் நிற்கும் வயலில் தட்டையாகப் பட்டால் சில்லு விட்டது போலத் தாவி அடுத்த ஊருக்குப் போகும். பன்றியை நீங்களாகச் சுட 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் விடாது, வனத்துறையிடம் மனு கொடுங்கள். பாயிண்ட் டூ டூவால் அது சாகவும் சாகாது, காயத்தோடு உங்கள் மேல்தான் பாயும்.

கேள்வி: அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் லைசன்ஸில் இருந்த பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி பீரோவிலேயே இருக்கிறது. தேர்தல் வந்தால் அவரே கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வருவார். இப்போது என்ன செய்வது?
– மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, லைசன்ஸ் அவர் பேருக்குத்தான், அவரோடு அது முடிந்துவிட்டது. வீட்டில் வைத்திருப்பது இப்போது உங்கள் தலையில்தான் விழும். இந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, இறப்புச் சான்றிதழ், பழைய லைசன்ஸ் இரண்டையும் காட்டி ஒப்படையுங்கள். லைசன்ஸ் உள்ள கடையிலும் ஒப்படைக்கலாம். எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அப்புறம் வாரிசாக நீங்கள் லைசன்ஸ் கேட்கலாம், வேண்டாமென்றால் முறைப்படி விற்கலாம்.

கொடுப்பதற்கு முன் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். பி.எஸ்.ஏ. என்று இருந்து, அடியில் லீவரும் இருந்தால், பாபநாசத்துக்காரர் அதற்குள் லைசன்ஸ் வாங்கியிருக்கக் கடவது.