மகள் சரி சொல்லிவிட்டாள், எனக்குத்தான் ஆறுதல் சொல்ல ஆளில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 53. பாளையங்கோட்டையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கென்று எதையும் வைத்துக்கொண்டதில்லை. கொழுந்தனார் இன்ஜினியரிங் சேர என் நகையெல்லாம் அடகுக்குப் போனது. திரும்பி வந்தது இரண்டு வளையல். மாமியார் பக்கவாதத்தில் ஒன்பது வருடம் படுத்திருந்தார். குளிப்பாட்டியது, துணி மாற்றியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் நான். அடக்க ஆராதனையில் நன்றி சொன்ன நாத்தனார் டாக்டர் பேரைச் சொன்னார், ஊழியக்காரர்கள் பேரைச் சொன்னார், என் பேரை விட்டுவிட்டார்.

சபையிலும் இதே கதைதான். போன அசன விருந்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கே போய் வெங்காயம் உரித்தவள் நான். சால்வை போட்டது வேறொருவருக்கு. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். லெந்து தவக்காலம் நாற்பது நாளும் காபியைக்கூடத் தொடமாட்டேன். தோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வரலாற்றைச் சின்ன வயதிலேயே வாசித்தவள். ‘தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு’ என்ற வசனத்தை பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது என் ஒரே மகளை (25 வயது) அதே நாத்தனார் மகனுக்குப் பேசி முடித்திருக்கிறோம். முதலில் மாட்டேன் என்றாள். மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தேன், ‘சரி மம்மி’ என்றாள். புடவைக் கடையில் ஒன்றையும் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். ‘உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க, நான் சிலுவை சுமக்கப் பழகிக்கிறேன்’ என்று சிரித்தாள். எப்பவுமே கிண்டல்தான் அவளுக்கு. கொயருக்கும் இப்போது போவதில்லை, கல்யாண வேலை இருக்கிறதே. அது கிடக்கட்டும். அந்தக் கடையிலும் நாத்தனார் நான் எடுத்த புடவையை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு எடுத்தார். நான் வாயே திறக்கவில்லை.

இவ்வளவு விட்டுக்கொடுத்தும் மனசில் கசப்பு ஊறுகிறதே, இது பாவமா? ஒரு நன்றியை எதிர்பார்ப்பது தப்பா? அடுத்த மாதம் முதல் ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்கள். அதற்குள் பதில் எழுதுங்கள்.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

நன்றியை எதிர்பார்ப்பது தப்பில்லை. ஒன்பது வருடம் ஒரு நோயாளியைப் புண் வராமல் பார்த்துக்கொண்டவரின் பெயரை அடக்க ஆராதனையில் விட்டது அநியாயம்தான். இதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் நாத்தனாரைப் பற்றி இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் புடவைக் கடை. அதிலும் நீங்கள் நாத்தனார் தள்ளிய புடவையைப் பார்த்தீர்கள். எனக்குத் தெரிந்தது, புடவையையே பார்க்காமல் உட்கார்ந்திருந்த பெண். ‘சிலுவை சுமக்கப் பழகிக்கிறேன்’ என்று தன் கல்யாணத்தைப் பற்றி ஒருத்தி சொல்கிறாள். ஆசையாகப் பாடிக்கொண்டிருந்தவள் பாட்டை விட்டுவிட்டாள். ‘அது கிடக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிடக்கக் கூடாது அம்மா.

அவள் மாட்டேன் என்றதும் நீங்கள் சாப்பிடுவதை நிறுத்தினீர்கள். அவள் சரி என்றதும் கர்த்தர் பதில் தந்தார் என்று எடுத்துக்கொண்டீர்கள். பெற்ற தாய் மூன்று நாள் பட்டினி கிடந்தால் எந்த மகள்தான் தாங்குவாள்? கடவுளிடம் கேட்பதாகத்தான் நினைத்தீர்கள், கேட்டதென்னவோ மகளிடம். உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி, முகத்தைக் கழுவு, மனுஷருக்குத் தெரியவேண்டாம் என்று மத்தேயு 6-ல் இயேசு சொன்னதை ஆசிரியையான உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குள் இருப்பவளுக்கும் அது தெரியக் கூடாது.

தோனாவூர் அம்மையாரைச் சொன்னீர்கள். நாடு, குடும்பம், கல்யாணம் எல்லாவற்றையும் விட்டு 1895-ல் இந்தியாவுக்கு வந்து, 1951-ல் சாகும்வரை ஊர் திரும்பாதவர். விட்டதெல்லாம் அவருடையது, விட்டவரும் அவரே. அவருடைய ஊழியம் எதில் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். 1901-ல் பண்ணைவிளையில், இந்துக் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிறுமியில். பெரியவர்கள் சாமிக்கென்று கொடுத்துவிட்ட பிள்ளைகளை மீட்டு மடியில் வைத்துக்கொண்டவர் அவர். உங்கள் நகையைக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, காபியை விடவும் உண்டு. மகளின் வாழ்க்கை அந்தக் கணக்கில் வராது. அதை நீங்கள் விட்டுக்கொடுத்தால், வெறுக்கப்படுவது நீங்கள் அல்ல, அவள்.

பிள்ளை கீழ்ப்படிய வேண்டாமா என்று கேட்பீர்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நடந்த ஜெபத்தைப் பாருங்கள். ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்’ என்று இயேசு முதலில் கேட்டார். அதன்பிறகுதான் ‘என் சித்தத்தின்படியல்ல’ வருகிறது. அதையும் மூன்று முறை ஜெபித்தார், அவரை யாரும் அதட்டவில்லை. உங்கள் வீட்டில் முதல் பாதிக்கு இடமே இல்லை. உங்களுக்கும் இருந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். நகை அடகுக்குப் போன அன்று வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் இருந்ததா? சொல்ல முடியாமல் போனதுதான் இத்தனை வருடம் கசப்பாக ஊறியிருக்கிறது. அதைப் பாவம் என்று பெயர் சூட்டி அமுக்காதீர்கள். சால்வை வந்தாலும் அது தீராது. இந்த மாதிரிக் கீழ்ப்படிதலைத்தான் மகள் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டு, கிண்டலாகத் திருப்பிச் சொல்கிறாள். ‘உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்’ என்று கொலோசெயர் நிருபத்தில் வருவது பெற்றோருக்கு. அதையும் பீரோவில் ஒட்டலாம்.

ஓலை வாசிப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மூன்று ஞாயிறு சபை முன் வாசிப்பதே தடை இருந்தால் சொல்லட்டும் என்றுதான். முதல் தடை வீட்டுக்குள் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டாமா? நீங்களும் அவளும் மட்டும் எங்காவது வெளியே போய் உட்காருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஜெபத்தோடு ஆரம்பிக்காதீர்கள், கண்ணீர் வேண்டாம், வசனம் வேண்டாம். ‘நீ மாட்டேன்னு சொன்னப்ப ஏன்னு நான் கேக்கவே இல்ல. இப்ப சொல்லு’ என்று கேளுங்கள். சட்டென்று ‘எல்லாம் ஓகே மம்மி’ என்றால் நம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால் உங்களைத் தவிர்த்து வேறொருவரிடம், ஒரு மனநல ஆலோசகரிடம், அவள் தனியாகப் பேச வழிசெய்யுங்கள். அத்தை மகன் என்பதால், பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. அது இதற்குப் பிறகு.

மனதார அவளுக்குச் சம்மதம் என்று தெரிந்தால் எனக்கும் சந்தோஷம். இல்லையென்றால், நாத்தனார் வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். கணவரை அனுப்ப வேண்டாம், சபைப் போதகர் ஐயரையும் அனுப்ப வேண்டாம். பழியை மகள் தலையில் போடாமல், ‘அவளைக் கேக்காம நான்தான் முடிவு பண்ணிட்டேன்’ என்று சொல்லுங்கள். நிச்சயம் ஏச்சு விழும். அதை மகளிடம் வந்து சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஆலோசகர்