கடைசி வரியில் எழுதிய தொண்டைக்கட்டு

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மழைக்காலத்தில் சளி பிடித்து, ஓர் இரவு முழுவதும் காது வலியால் அழுதான். விடிந்தபோது காதிலிருந்து சீழ் வந்தது, வலி நின்றுவிட்டது. அதிலிருந்து இரண்டு மாதமாக விட்டுவிட்டுச் சீழ் வடிகிறது. மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் விடுகிறார். வயது ஏறினால் சரியாகிவிடும் என்கிறார். மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டுமா? என் கணவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். அவருக்கும் ஒன்றரை மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது; கத்துவதால்தான் என்கிறார்.
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் கடைசியாக ஒரே வரியில் எழுதிய செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான்.

விடியற்காலைக் கூச்சலில் நாள்தோறும் உரத்த குரலில் விலை சொல்பவருக்குத் தொண்டை கட்டுவது இயல்பே. குரல் நாண்கள் வீங்கும், சிலருக்கு அவற்றின் ஓரத்தில் காய்ப்பு போலச் சிறு முடிச்சுகளும் தோன்றும். ஆனால் சளியாலோ கத்தியதாலோ வந்த தொண்டைக்கட்டு பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தெளிந்துவிடும். மூன்று வாரங்களைக் கடந்தும் குரல் தெளியவில்லை என்றால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், குரல் நாண்களை ஒருமுறை நேரில் பார்த்தே தீர வேண்டும். உங்கள் கணவருக்கு ஆறு வாரங்கள் ஆகிவிட்டன. அவருக்குப் பீடி, சிகரெட், புகையிலை, மது ஆகிய பழக்கங்களில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். விழுங்கும்போது வலி, எச்சிலில் இரத்தம், கழுத்தில் கட்டி, தொண்டையிலிருந்து காதுக்கு ஏறும் வலி ஆகியவையும் அவசர அறிகுறிகளே. மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டால் நேராக அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள்.

இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. குரல் நாணில் வரும் புற்றுநோய், கடுகளவு இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையிலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்குக் குரலையும் காப்பாற்றிக் குணப்படுத்திவிட முடிகிறது. உடலே இவ்வளவு முன்கூட்டிச் சொல்லும்போது அதைக் கேட்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். பரிசோதனையும் பெரிதன்று, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். அதுவரை அவர் குரலுக்கு ஓய்வு கொடுக்கட்டும். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது, அதுவும் நாண்களைச் சிரமப்படுத்தும்.

இனி உங்கள் மகன். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தால் கிருமி எளிதில் காதுக்குப் போய்விடுகிறது. உள்ளே சீழ் சேர்ந்து செவிப்பறையை அழுத்தியதே அந்த இரவின் வலி. காலையில் வலி நின்றதற்குக் காரணம் நோய் போனதல்ல. செவிப்பறை கிழிந்து சீழ் வெளியேறியதுதான். இத்தகைய ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். இரண்டு மாதமாக வடிகிறது என்றால் அவனுக்கு அது மூடவில்லை என்றே கருத வேண்டும்.

அந்த ஓட்டை வழியாக எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போகிறது. பேரன் மீதுள்ள அன்பினால்தான் உங்கள் மாமியார் இதைச் செய்கிறார். ஆகவே அவரைக் குறை சொல்லாமல், சீழ் வடியும் காதில் எண்ணெயும் தண்ணீரும் படக்கூடாது என்று மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். தலைக்கு ஊற்றும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்து, குளித்தவுடன் எடுத்துவிடுங்கள். கடலில் குளிக்க விட வேண்டாம். பட்ஸ், கோழி இறகு, ஊக்கு எதையும் உள்ளே விடாதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்குவதும் வேண்டாம். செவிப்பறை ஓட்டையாக இருக்கையில் சில மருந்துகள் உள்காதைக் கெடுக்கக்கூடும்.

சீழ் கொஞ்சமாக, ஆனால் கெட்ட நாற்றத்துடன் வந்தால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். எலும்பை அரிக்கும் வகை நோயாக இருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். காதின் பின்புறம் வீங்கிச் சிவந்து காது முன்தள்ளி நின்றாலோ, முகம் ஒருபுறம் கோணினாலோ, தலைசுற்றல், வாந்தியோடு கடும் தலைவலி, காய்ச்சலோடு அரை மயக்கம் வந்தாலோ புறநோயாளிப் பிரிவுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறானா என்பதையும் கவனித்து வையுங்கள்; மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்திருந்தால் இப்படி இருக்கும். கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் கவனமில்லாத பையன் என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் சிலருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

உங்களுக்கு அருகிலேயே அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள். ஏலம் முடிந்து வந்து படுத்துவிட்டால் அன்றைய பொழுது போய்விடும். ஆகவே ஒரு நாள் ஏலத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி, மகனை அழைத்துச் செல்லும் அன்றே கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இருவரையும் பார்ப்பது ஒரே பிரிவுதான், ஓ.பி. சீட்டை மட்டும் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.