கேளுங்கள், சொல்கிறோம்: ‘ஹேவ்’ படுத்தும் பாடு

ஆங்கிலம் தொடர்பாக வந்த கேள்விகளில் ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்து இந்த முறை பதில் தந்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ தவறு, ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ சரி என்கிறார்கள். சொல் ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?

சொல் ஒன்று, செய்யும் வேலை இரண்டு. தம்பிகள் இருப்பது ஒரு நிலை. அதை யாரும் ‘செய்துகொண்டிருக்க’ முடியாது. அதனால் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘ஹேவ் லன்ச்’ என்னும்போது ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது. அது செயல், ஆகவே நடந்துகொண்டிருக்கலாம்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள். ‘ஹேவ்’ இருந்த இடத்தில் ‘இருக்கிறது’ அல்லது ‘உண்டு’ வந்தால் ‘ஹேவிங்’ போடாதீர்கள். எனக்குக் கார் இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது: எல்லாமே ‘ஐ ஹேவ்’தான். சாப்பிடு, குளி, நடத்து, அனுபவி என்பது போன்ற வினை வந்தால் ‘ஹேவிங்’ தாராளமாக வரும். ‘வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்’, ‘தே ஆர் ஹேவிங் எ குட் டைம்’.

இந்தத் தவறு நம்மிடம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் தமிழின் நிகழ்காலம். ‘அவன் தினமும் வருகிறான்’, ‘அதோ, அவன் வருகிறான்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே வடிவம் போதும். ஆங்கிலம் இவற்றை வெவ்வேறாகப் பிரிக்கிறது. ஆகவே ‘இருக்கிறார்கள்’ என்பதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் ‘ஹேவிங்’ பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

ஒரு விலக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். விட்டுவிட்டு வருவது, இந்த நேரத்தில் ஒருவர் பட்டுக்கொண்டிருப்பது ஆகியவற்றுக்கு ‘ஹேவிங்’ வரும். ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் திஸ் லாக்’ சரி. ‘ஹி இஸ் ஹேவிங் செஸ்ட் பெயின்ஸ்’ என்பதும் சரியே. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் குழந்தை இனிமேல்தான் பிறக்கப்போகிறது, அல்லது பிரசவமே நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: ‘ஷி ஹேஸ்’ என்கிறோம். கேள்வியாக மாற்றும்போது மட்டும் ‘டஸ் ஷி ஹேவ்’ ஆவது ஏன்?

‘ஹேஸ்’ என்பதில் இருந்த ‘ஸ்’ விகுதி, கேள்விக்காக முன்னால் வரும் ‘டூ’ என்ற துணைவினைக்குத் தாவி அதை ‘டஸ்’ ஆக்கிவிட்டது. ஒரு வாக்கியத்தில் அது ஒரு முறைதான் வரும். ‘டிட்’டுக்குப் பிறகும் இதே கதைதான்: ‘டிட் ஷி ஹேவ்’, ‘ஷி டிட்ன்ட் ஹேவ்’. வில், கேன், மே, மஸ்ட், ஷுட் இவற்றுக்குப் பிறகு எழுவாய் யாராக இருந்தாலும் ‘ஹேவ்’ மாறாது. ‘ஷி மே ஹேஸ்’ என்று ஒருபோதும் வராது.

கேள்வி: ‘ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே’ என்று எழுதியதைத் தவறு என்று திருத்திவிட்டார்கள். ‘நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்பதற்கு அதுதானே நேர்?

நேர்தான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் வரைக்கும் இந்த ‘ஹேட்’ நுழைந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ துணைவினையாகச் செய்யும் வேலையைத் தமிழில் ‘இரு’ செய்கிறது. வந்திருக்கிறேன் என்பது ‘ஐ ஹேவ் கம்’. வந்திருந்தேன் என்பது ‘ஐ ஹேட் கம்’. வந்திருப்பேன் என்பது இடத்தைப் பொறுத்து ‘ஐ வில் ஹேவ் கம்’ அல்லது ‘ஐ வுட் ஹேவ் கம்’. இவ்வளவு தூரம் இரண்டு மொழிகளும் கைகோத்து நடப்பதால், கடைசி வரை அப்படியே போகும் என்று நம்பிவிடுகிறோம். இரண்டு இடங்களில் அவை பிரிகின்றன.

முதலாவது, ‘ஹேவ் / ஹேஸ்’. ‘போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம்’ என்று சொன்னால், முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் அதனோடு சேராது. யெஸ்டர்டே, லாஸ்ட் இயர், டூ டேஸ் அகோ, இன் 2019 இவற்றில் எது வந்தாலும் ‘ஹேவ்’ விலகிக்கொள்ள வேண்டும்: ‘ஐ ஸா ஹிம் லாஸ்ட் இயர்’. ‘வென்’ என்று கேட்கும்போதும் அப்படித்தான். ‘வென் ஹேவ் யூ கம்?’ கூடாது, ‘வென் டிட் யூ கம்?’ என்று கேட்க வேண்டும். காலத்தைச் சொல்லாமல் விட்டாலோ, எவர், நெவர், ஆல்ரெடி, சோ ஃபார் போன்ற இன்றுவரை நீளும் சொற்கள் வந்தாலோ ‘ஹேவ்’ பொருந்தும்.

இரண்டாவது, ‘ஹேட்’. ‘வந்திருந்தேன்’ என்பது தமிழில் தனியாக நிற்கும், துணைக்கு வேறு நிகழ்ச்சி தேவையில்லை. ஆங்கிலத்தின் ‘ஹேட் கம்’ அப்படி நிற்காது. கடந்த காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருக்க வேண்டும், அதற்கும் முன்னால் இது நடந்திருக்க வேண்டும். ‘பை தி டைம் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.’ நான் போய்ச் சேர்ந்தது ஒன்று, அதற்கு முன்பே ரயில் கிளம்பிவிட்டது இன்னொன்று. ‘ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் ஆன் மண்டே’ என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், படிப்பவர் ‘எதற்கு முன்னால்?’ என்று அடுத்த வரியில் தேடுவார். அங்கே எதுவும் இருக்காது. ‘ஐ சென்ட் தி ஃபைல் ஆன் மண்டே’ போதும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘ஹேட்’டையும் எடுத்துவிட்டு, வினையை வெறும் இறந்த காலத்தில் போட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் குழம்பாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ இருக்கும் வாக்கியங்களில் எது முதல், எது பிறகு என்பதை அந்தச் சொற்களே காட்டிவிடுவதால், அங்கேகூட ‘ஹேட்’ பெரும்பாலும் கட்டாயமில்லை.

கேள்வி: ‘ஹேவ் ஹேட்’, ‘ஹேட் ஹேட்’ என்று அடுத்தடுத்து வருவது அச்சுப்பிழையா?

பிழையே இல்லை. முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் முதன்மை வினை. ‘ஈட், ஏட், ஈட்டன்’ என்பதுபோல ‘ஹேவ், ஹேட், ஹேட்’. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்பதில் ‘ஈட்டன்’ நிற்கும் இடத்தில் இந்த மூன்றாம் வடிவத்தை வைத்தால் ‘ஐ ஹேவ் ஹேட்’ கிடைத்துவிடும். ‘ஐ ஹேவ் ஹேட் திஸ் பைக் சின்ஸ் 2015’ என்றால் 2015 முதல் வைத்திருக்கிறேன், இன்றும் வைத்திருக்கிறேன். ‘ஐ ஹேட் எ பைக்’ என்றால் முன்பு இருந்தது, அவ்வளவுதான். பேசும்போது முதல் ‘ஹேட்’ தேய்ந்து ‘அட்’ போல ஒலிக்கும், இரண்டாவதில்தான் அழுத்தம் விழும். இரண்டையும் ஒரே அழுத்தத்தில் சொன்னால் கேட்பவருக்குத் திக்குவதுபோல இருக்கும்.

பதினொரு ‘ஹேட்’ தொடர்ந்து வரும் பழைய புதிர் வாக்கியம் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. தேர்வில் ஜான் ‘ஹேட்’ என்று எழுதினான், ஜேம்ஸ் ‘ஹேட் ஹேட்’ என்று எழுதினான், ஆசிரியருக்கு ஜேம்ஸின் விடை பிடித்தது. அதைச் சொல்லும் வாக்கியம் இது: ஜேம்ஸ், வைல் ஜான் ஹேட் ஹேட் ‘ஹேட்’, ஹேட் ஹேட் ‘ஹேட் ஹேட்’, ‘ஹேட் ஹேட்’ ஹேட் ஹேட் எ பெட்டர் எஃபெக்ட் ஆன் தி டீச்சர். மேற்கோள் குறிக்குள் இருப்பவை அவர்கள் எழுதிய விடைகள், வெளியே இரட்டையாக நிற்பவை வினைகள். நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் இலக்கணம் கச்சிதமாகப் பொருந்துவது தெரியும்.

கேள்வி: ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’, ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ இரண்டும் ஒன்றா?

இல்லை. முதல் வாக்கியத்தில் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதில் வேறொருவர் கையில் இருக்கிறது. ‘ஹேவ்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் என்ற வரிசை வந்தால், அந்த வேலையை இன்னொருவரைக் கொண்டு முடித்தோம் என்று அர்த்தம். தமிழில் இதை வினையிலேயே காட்டிவிடுகிறோம்: ‘அடித்தேன்’, ‘அடிக்கச் செய்தேன்’. ஆங்கிலத்தில் சொல்லின் இடம் மாறினால் ஆளும் மாறிவிடுவார். வீட்டுக்கு ஆள் வைத்து வண்ணம் பூசியவர் ‘ஐ ஹேட் மை ஹவுஸ் பெயின்ட்டட்’ என்று சொல்ல வேண்டும்.

செய்தவரையும் குறிப்பிட வேண்டுமானால் வினை முதல் வடிவத்தில் நிற்கும், ‘டு’ வராது: ‘ஐ ஹேட் தி மெக்கானிக் செக் தி பிரேக்ஸ்’. ‘கெட்’ போட்டால் ‘டு’ வரும்: ‘ஐ காட் தி மெக்கானிக் டு செக் தி பிரேக்ஸ்’. இந்த ‘டு’வை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

இதே அமைப்பு நாம் விரும்பாத நிகழ்ச்சிக்கும் வரும். ‘ஷி ஹேட் ஹெர் ஃபோன் ஸ்டோலன்’ என்றால் அவள் ஆள் வைத்துத் திருடச் சொன்னாள் என்று ஆகாது, அவளுடைய ஃபோன் திருடு போனது என்றே பொருள். எது எது என்று சூழல்தான் சொல்லும்.

கேள்வி: ‘மஸ்ட் ஹேவ் கம்’, ‘ஷுட் ஹேவ் கம்’ இரண்டையும் ‘வந்திருக்க வேண்டும்’ என்றே மொழிபெயர்க்கிறார்கள். எது சரி?

இரண்டு மொழிபெயர்ப்பும் சரிதான். தமிழ் வடிவத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ‘வாசலில் செருப்பு கிடக்கிறது, அவன் வந்திருக்க வேண்டும்’ என்பது ஊகம், அதற்கு ‘மஸ்ட் ஹேவ் கம்’. ‘கூப்பிட்டும் வரவில்லையே, அவன் வந்திருக்க வேண்டும்’ என்பது ஆதங்கம், அதற்கு ‘ஷுட் ஹேவ் கம்’. எழுதும்முன் அவன் வந்தானா இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வந்திருப்பான் என்று தோன்றினால் ‘மஸ்ட்’, வரவில்லை என்றால் ‘ஷுட்’.

எதிர்மறையில் இந்தக் குழப்பம் நமக்கு இல்லை. ‘வந்திருக்க முடியாது’ என்பது ‘கான்ட் ஹேவ் கம்’. ‘வந்திருக்கக் கூடாது’ என்பது ‘ஷுட்ன்ட் ஹேவ் கம்’. ஊகத்துக்கு ‘மஸ்ட் நாட் ஹேவ்’ என்பதைவிட ‘கான்ட் ஹேவ்’ எழுதுவதே பொதுவாக எங்கும் செல்லும்.

இங்கே ‘ஹேவ்’ பேச்சில் மிகவும் தேய்ந்து ‘அவ்’ என்று ஒலிக்கும். ‘ஆஃப்’ என்ற சிறுசொல்லும் தேய்ந்தால் அதே ஒலிதான். அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலர் ‘குட் ஆஃப்’, ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள். இணையத்தில் அப்படிப் பார்த்தால் பின்பற்றாதீர்கள், அது எழுத்துப்பிழை.

கேள்வி: ‘ஹீஸ்’ என்ற சுருக்கம் ‘ஹி இஸ்’ஸா, ‘ஹி ஹேஸ்’ஸா?

அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘ஹீஸ் ஈட்டிங்’ என்றால் இஸ், ‘ஹீஸ் ஈட்டன்’ என்றால் ஹேஸ். பின்னால் ‘பீன்’ அல்லது ‘காட்’ வந்தால் சந்தேகமில்லாமல் ஹேஸ். ‘ஹீட்’ என்ற சுருக்கமும் இப்படித்தான். பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் ஹேட் (‘ஹீட் கான்’), முதல் வடிவம் வந்தால் வுட் (‘ஹீட் கோ’). ‘பெட்டர்’ வந்தால் மட்டும் அது ஹேட்: ‘யூட் பெட்டர் கோ’ என்பது ‘யூ ஹேட் பெட்டர் கோ’, அதாவது ‘நீ போய்விடுவது நல்லது’. ‘ஹேட்’ என்றாலும் இது இறந்த காலம் அல்ல.

கேள்வி: ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் ‘வரக் கூடாது’ என்றுதானே அர்த்தம்?

இல்லை. ‘வர வேண்டிய அவசியமில்லை’ என்று அர்த்தம். விருப்பமிருந்தால் வரலாம். ‘வரக் கூடாது’ என்பதற்கு ‘யூ மஸ்ட் நாட் கம்’. ‘ஹேவ் டு’, ‘மஸ்ட்’ இரண்டும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒரே கட்டாயத்தைச் சொல்கின்றன. ‘நாட்’ சேர்ந்ததும் ஒன்று விலக்கு அளிக்கிறது, மற்றொன்று தடை போடுகிறது. மருந்துச் சீட்டிலோ பாதுகாப்பு அறிவிப்பிலோ இதை மாற்றிப் படித்தால் ஆபத்து.

உச்சரிப்பில் ஒன்று: கட்டாயப் பொருளில் ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப் டு’ என்றே வாயில் வரும்.

கேள்வி: லத்தீனில் ‘ஹபேரே’ என்றாலும் ‘வைத்திருத்தல்’ தான். ‘ஹேவ்’ அதிலிருந்து வந்ததா?

ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்திருந்தும் இரண்டுக்கும் உறவில்லை. ‘ஹேவ்’ ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் பழைய ‘க்’ ஒலி ‘ஹ்’ ஆனது. ஜெர்மன் மொழி அறிஞர் யாகோப் கிரிம் 1822-இல் விளக்கிய ஒலிமாற்ற விதிகளில் இதுவும் ஒன்று. லத்தீன் ‘கென்டும்’ ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’, லத்தீன் ‘கோர்’ ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’. அந்த வரிசையில் ‘ஹேவ்’வுக்கு லத்தீன் உறவு ‘பிடி’ என்று பொருள்படும் ‘கபேரே’. ஆங்கிலத்தில் ‘கேப்சர்’ என்ற சொல் அதன் வழியில் வந்ததே. ‘ஹபேரே’வுக்கு ஆங்கில உறவாக மொழியியலார் பலரும் காட்டுவது ‘கிவ்’ என்ற சொல்லை.