ஜாவா வெப் சர்வரான டாம்கேட்டில் 7-லிருந்து 9-க்கு மாறியதும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்காமல் அப்ளிகேஷன் தொங்குகிறது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கனெக்‌ஷன் என்று சொல்லும் மேக்ஸ்ஆக்டிவ் மதிப்பை 200 ஆக்கியும் சரியாகவில்லை. ஏன்?

நீங்கள் போட்ட 200-ஐ டாம்கேட் கண்டுகொள்ளவே இல்லை. உங்கள் பூலில் (திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன் தொகுப்பில்) இப்போது இருப்பது அதிகபட்சம் 8 கனெக்‌ஷன்தான். டேட்டாபேஸ் அமைப்புகள் இருக்கும் பழைய கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் ஃபைலை அப்படியே எடுத்து வந்திருப்பீர்கள், ரிசோர்ஸ் டேக்கில் எந்தப் பூல் வேண்டும் என்று சொல்லும் ஃபேக்டரி எதுவும் தனியாகக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டாம்கேட் 8 முதல் உள்ளே இருக்கும் பூல் டிபிசிபி 2 என்ற லைப்ரரி. அதில் மேக்ஸ்ஆக்டிவ் கிடையாது, மேக்ஸ்டோட்டல்தான். மேக்ஸ்வெயிட்டும் மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆகிவிட்டது. பழைய பெயரைப் பார்த்தால் எர்ரர் கொடுத்து நிற்காது. லாகில் ஒரு வார்னிங்கை எழுதிவிட்டு டீஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். முதலாவதற்கு டீஃபால்ட் 8, இரண்டாவதற்கு -1. அதாவது, கனெக்‌ஷன் கிடைக்கும் வரை எவ்வளவு நேரமானாலும் காத்திரு. எக்ஸெப்ஷன்கூட வராமல் தொங்குவது அதனால்தான்.

இதே விஷயத்தில் எங்கள் டீம் பட்ட பாடு எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் சப்போர்ட்டில் இருப்பவன். அப்கிரேட் முடிந்து கூட்டம் ஏறிய முதல் காலையிலேயே அப்ளிகேஷன் உறைந்துவிட்டது. எல்லோரும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ மேல் பாய்ந்தார்கள். அவர் பொறுமையாக, "என் பக்கம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செஷன் இருக்கிறது, எல்லாம் சும்மா இருக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. நான் ஜேஸ்டாக் போட்டு, ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுத்தேன். ஏறக்குறைய எல்லா ரிக்வெஸ்ட் த்ரெட்டும் ஒரே இடத்தில், பூலிலிருந்து கனெக்‌ஷன் கேட்கும் 'பாரோ ஆப்ஜெக்ட்' வரியில் நின்றன. அப்படியானால் கோரிக்கை டேட்டாபேஸ் வரை போகவே இல்லை. பிறகு டாம்கேட்டின் கேட்டலினா லாகில் சர்வர் ஸ்டார்ட் ஆன இடத்தைத் தேடினால், அந்த வார்னிங் தெளிவாக இருந்தது.

பெயர்களை மாற்றினோம், ஓடியது. மத்தியானம் மறுபடி நின்றது.

பலரும் பார்க்காமல் விடுவது இந்த இரண்டாவது பகுதியைத்தான். பழைய கான்ஃபிகில் ரிமூவ்அபாண்டன்ட் என்று ஒன்று இருந்தது. திருப்பித் தராத கனெக்‌ஷன்களைப் பிடுங்கிக்கொள்வது அதன் வேலை. ஒரு ரிப்போர்ட் கிளாஸில் எக்ஸெப்ஷன் வந்தால் கனெக்‌ஷனை மூடாத ஓட்டை இருந்ததை அதுதான் நீண்ட காலம் மறைத்து வைத்திருந்தது. டிபிசிபி 2-வில் அந்தப் பெயரும் இல்லை. ரிமூவ்அபாண்டன்ட்ஆன்பாரோ, ரிமூவ்அபாண்டன்ட்ஆன்மெயின்டெனன்ஸ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முதலாவதையும் லாக்அபாண்டன்டையும் ட்ரூ ஆக்கினேன். எந்த வரியில் வாங்கிய கனெக்‌ஷன் திரும்பி வரவில்லை என்று லாகில் ஸ்டாக் ட்ரேஸோடு வந்தது. எக்ஸெப்ஷன் வந்தாலும் கனெக்‌ஷனைத் தானாக மூடும் ஜாவாவின் ட்ரை-வித்-ரிசோர்சஸ் போட்டு அந்த ஓட்டையை மூடியதும் பிரச்சினை தீர்ந்தது.

அன்று அத்தனை பேரிடம் திட்டு வாங்கிய டிபிஏவிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அப்கிரேட் திட்டமிடும் கூட்டத்துக்கு சப்போர்ட் ஆட்களைக் கூப்பிடுவதும் இல்லை. லாகை தினமும் படிப்பவர்கள் நாங்கள்தான். முன்னோட்ட சர்வரில் ஸ்டார்ட்அப் லாகை எங்களிடம் காட்டியிருந்தாலே போதும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஹிகாரி என்ற வேறு பூலைப் போட்டால் தீர்ந்தது என்று சிலர் வருவார்கள். நல்ல பூல்தான், ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 2-லிருந்து அதுதான் டீஃபால்ட். ஆனால் மூடாத கனெக்‌ஷனை ஹிகாரியும் தானாக மீட்காது. லீக் டிடெக்‌ஷன் வைத்தால் எச்சரிக்கும், அவ்வளவுதான். இன்னும் சிலர், "மேக்ஸ்ஆக்டிவ் எனக்கு டாம்கேட் 9-லும் வேலை செய்கிறதே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஃபேக்டரியில், டாம்கேட்டோடு வரும் இன்னொரு பூலான டாம்கேட் ஜேடிபிசி பூலைக் கொடுத்திருந்தால் பழைய பெயர்களே செல்லும். நெட்டில் கிடைக்கும் பதில்கள் இந்த இரண்டு பூலையும் கலந்துகட்டிப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம். எதை காப்பி செய்தாலும் முதலில் ஃபேக்டரி வரியைப் பாருங்கள்.

மேக்ஸ்டோட்டலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 200 போட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஏற்கும் உச்ச எண்ணிக்கையான மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் டீஃபால்ட் 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டது. மைஎஸ்க்யூஎல்லில் 151. நான்கு டாம்கேட் சர்வர் இருந்தால் உங்கள் எண்ணை நான்கால் பெருக்கிப் பாருங்கள். மேக்ஸ்வெயிட்மில்லிஸுக்கு 10000 மாதிரி ஒன்று கொடுத்தால், தொங்குவதற்குப் பதில் பத்து வினாடியில் எக்ஸெப்ஷன் வந்துவிடும். மாற்றிய பிறகு ஜேகான்சோல் என்ற ஜாவா கண்காணிப்புக் கருவியில், இப்போது பயன்பாட்டில் எத்தனை கனெக்‌ஷன் என்று காட்டும் டேட்டாசோர்ஸின் நம்ஆக்டிவ் எண்ணைக் கவனியுங்கள். யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் அது 0-க்கு இறங்கவில்லை என்றால், உங்கள் கோடிலும் ஒரு லீக் இருக்கிறது.